மறுபடியும் தோட்டத்துக்கா? மரங்களைப் படிக்க விரும்பும் மகளைப் பற்றி ஒரு தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு,

போன வாரம் என் அறையில் அமர்ந்து ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டீர்கள். "எங்கள் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி என்னைப் படிக்கவைத்தார். என் மகள் மறுபடியும் தோட்டத்துக்கா போகவேண்டும்?" அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உங்கள் மகள் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு அவசரமாக எதையும் சொல்ல மனம் வரவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

தோட்டம் என்றால் மற்றவர்களுக்குப் பூவும் புல்தரையும் நினைவுக்கு வரலாம். நமக்கு வருவது விடியற்காலைப் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பால் வாளி, தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடு, வேலை வாங்கும் கங்காணியின் குரல். ஒரு தலைமுறை உடம்பைத் தேய்த்து அங்கிருந்து வெளியேறியது. உங்கள் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன்.

ஆனால் அந்த ரப்பர் மரம் இந்த மலேசிய மண்ணுக்கு வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பிரேசில் நாட்டு விதைகள் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் முளைத்தன. அங்கிருந்து 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888 முதல் 1912 வரை அந்தப் பூங்காவின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். உங்கள் அம்மா இருட்டில் எழுந்து போய்ப் போட்ட ஒவ்வொரு வெட்டும் ஒரு பூங்கா இயக்குநரின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. நம் பாட்டிகள் வெட்டும் இடத்தில் நின்றார்கள். மரத்தை எங்கே நடுவது, எப்படிக் காப்பது, எப்போது எடுப்பது என்று முடிவெடுக்கும் நாற்காலியில் நம்மவர் யாரும் இல்லை. உங்கள் மகள் கேட்பது அந்த நாற்காலியை.

பல்கலைக்கழக மரப்பூங்காவையும் நகர்ப்புறத் தோட்டக்கலை மையத்தையும் நடத்துவதே தன் ஆசை என்று அவள் சொன்னபோது உங்கள் முகம் வாடியது. அந்த வேலை என்னவென்று தெரிந்தால் இவ்வளவு வாடாது. மரப்பூங்கா உயிருள்ள ஒரு நூலகம். ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் உண்டு. விதை எந்தக் காட்டில் எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், எந்த ஆண்டில் நட்டார்கள் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். பதிவேடு தொலைந்தால் அது வெறும் நிழல்தோப்புதான். நகர்ப்புறத் தோட்டக்கலை இன்னும் கடினமானது. தார் சாலைக்கும் கால்வாய்க்கும் நடுவில், இறுகிப்போன மண்ணில், மின்கம்பிக்குக் கீழே ஒரு மரத்தை எப்படி ஐம்பது ஆண்டுகள் பத்திரமாக வாழவைப்பது என்பதுதான் அதன் கேள்வி.

அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட. 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் சாய்ந்து, வாகனங்கள் நசுங்கி, ஒருவர் இறந்தார். மோனோரயில் சேவையும் நின்றது. நம் பினாங்கில் 2017 நவம்பர் புயலில் எத்தனை மரங்கள் விழுந்தன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குழாய் பதிக்கும்போது வேரை வெட்டிவிட்டு மண்ணை மூடிவிடுகிறார்கள். மேலே இலை பசுமையாகவே இருக்கும். பல ஆண்டுகள் கழித்து ஒரு மழைநாளில் மரம் விழும். அதை முன்கூட்டியே கண்டு சொல்லத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் போதாது. மரம் விழுந்த பிறகு பயத்தில் நல்ல மரங்களையும் சேர்த்து வெட்டுவதைத் தடுக்கவும் அவர்களே வேண்டும். தீபகற்ப மாநிலங்களுக்கான நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில், சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தைச் சில விதிவிலக்குகள் தவிர உள்ளூராட்சியின் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று இருக்கிறது. இத்துறையில் இருப்பவர் இலையோடு சட்டத்தையும் படிக்கவேண்டும்.

தலைமைப் பொறுப்பு என்று வரும்போது மண்ணைவிட மனிதர்களோடுதான் அதிக நேரம் போகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நகர்ப்புறத் தோட்டக்கலை மையம் இருக்கிறது. அதே பல்கலைக்கழகம் கவனிக்கும் மரப்பூங்கா 230 ஏக்கர். அங்கே நிலம் நகராட்சியினுடையது, மரத்தொகுப்பைப் பராமரிப்பது பல்கலைக்கழகம். ஹார்வர்டின் ஆர்னால்டு மரப்பூங்காவும் 1882 முதல் பாஸ்டன் நகரிடம் ஆயிரம் ஆண்டுக் குத்தகையில் இருக்கிறது. இப்படி இரண்டு எசமானர்களுக்கு நடுவில் நிற்பவர் பணம் திரட்டவேண்டும், தொண்டர்களைச் சேர்க்கவேண்டும், வாகன நிறுத்தத்துக்கு இடம் கேட்டு வருபவர்களிடம் மறுத்துப் பேசவேண்டும். சியாட்டில் மையத்தை 2001 மே மாதத்தில் ஒரு தீவிரவாதக் குழு தீவைத்து எரித்தது. அங்கே மரபணு மாற்றிய மரங்கள் வளர்க்கப்படுவதாகத் தவறாக நம்பியிருந்தார்கள். கட்டடத்தை மறுபடி எழுப்பி வேலையைத் தொடர்ந்தார்கள். தலைமை என்பதில் இப்படிப்பட்ட நாள்களும் அடங்கும் என்று உங்கள் மகளிடம் நான் மறைக்கப்போவதில்லை.

சியாட்டில் வரை போகவேண்டிய அவசியமில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1974-இல் தொடங்கிய ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதைப் பொறுப்பேற்று நடத்தியவர்களில் தமிழரும் உண்டு. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் 1929-இல் தொடங்கிய மரத்தொகுப்பு இருக்கிறது; பாழ்பட்டுக் கிடந்த ஈயச் சுரங்க நிலத்தில் மனிதர்கள் நட்டு வளர்த்த அந்தக் காடு 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வழியைச் சொல்கிறேன். எஸ்.டி.பி.எம். என்னும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வின் முடிவு வந்ததும் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிவியல் அல்லது வனவியல் பட்டத்தை முதல் விருப்பமாகப் போடலாம். இங்கேயே பினாங்கில் இருக்கவேண்டும் என்றால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் உயிரியல் படிக்கலாம். பட்டம் முடிந்த கையோடு முதுகலைக்கு ஓடவேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று ஆண்டுகள் களத்தில் வேலை செய்யட்டும். மரப் பராமரிப்பு வல்லுநருக்கு ஐ.எஸ்.ஏ. என்னும் பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வை எழுதட்டும். அதற்கு அனுபவம் கட்டாயம். அதன் பிறகு முதுகலை, முனைவர் பட்டம். பல்கலைக்கழகப் பூங்காவின் தலைமை பெரும்பாலும் விரிவுரையாளர்களுக்கே போகும் என்பதால் முனைவர் பட்டம் இல்லாமல் அந்தக் கதவு திறப்பது கடினம். நாற்பது வயதை ஒட்டி அந்த நாற்காலி கிடைத்தால் அது நல்ல வேகம்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மருத்துவரோடு ஒப்பிட முடியாது. அந்தத் தலைமைப் பதவிகளும் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதை மட்டும் நம்பிப் பிள்ளையை அனுப்பச் சொன்னால் நான் பொறுப்பற்றவன். ஆனால் அதே படிப்போடு மாநகர் கழகங்களின் நிலவடிவமைப்புப் பிரிவு, வன ஆராய்ச்சி, வீடமைப்பு நிறுவனங்கள், மரப் பராமரிப்பு நிறுவனங்கள் என்று வேறு இடங்களிலும் வேலை தேடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறீர்கள் அல்லவா? கோயிலைத் தாண்டி அதே சாலையில் போனால் பினாங்கு தாவரவியல் பூங்கா. பழைய கற்சுரங்கம் இருந்த இடத்தில் 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கியது. அங்கே நாகலிங்க மரம் நிற்கிறது. அடிமரத்திலேயே பூக்கும், குண்டு குண்டாய்க் காய்க்கும். ஒரு சனிக்கிழமை காலை அவளோடு போய் அந்த மரத்தைப் பற்றிக் கேளுங்கள். பூவுக்குள் லிங்கம் தெரிகிறது என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த அமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்று அவள் சொல்லட்டும். பத்து மரங்களைத் தேர்ந்தெடுத்து, மலாய், தமிழ், அறிவியல் பெயர்களோடு ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். வாரம் தவறாமல் போய், எது இலை உதிர்த்தது, எது பூத்தது, எதன் அடியில் காளான் முளைத்தது என்று குறிக்கட்டும். அடிமரத்தில் காளான் என்றால் உள்ளே உளுத்திருக்கலாம் என்பதை அவளே கண்டுபிடிக்கும் நாள் வரும்.

இந்த விடுமுறையில் ஒரு நாற்றங்காலில் இரண்டு மாதம் வேலைக்கு அனுப்புங்கள். வெயில், கொசு, எறும்பு, உரமூட்டை எல்லாம் பார்க்கட்டும். கயிறு கட்டி மரம் ஏறும் பயிற்சியைப் பற்றி அவள் பேசியபோது நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் இரட்டைக் கயிறும் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது, முறையான பயிற்சியாளரிடம் மட்டுமே அனுப்புங்கள். இரண்டு மாதம் கழித்துச் சோர்ந்து வந்தால் உயிரியலில் வேறு பாதை பார்ப்போம், அதில் குறை ஒன்றும் இல்லை. கையெல்லாம் கீறலோடு வந்து மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பத்தை மூவரும் சேர்ந்து நிரப்புவோம். உங்கள் அம்மாவுக்கு நடக்க முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பது அவர் கைக்குத் தெரியும். பேத்தி அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டியது நிறைய இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.