1410-ஐ அனுப்பலாமா, மறைக்கலாமா?

(அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கை அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் விண்ணப்பங்களை வாசித்தவர், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு (ஆங்கிலம், கணக்கு தலா 800, மொத்தம் 1600) பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மேடம், பையன் எஸ்.ஏ.டி. இரண்டு முறை எழுதி 1480 வாங்கியிருக்கிறான். மூன்றாம் முறை எழுதி 1520 ஆக்கினால் வாய்ப்பு கூடுமா? மொத்தத்தில் அதற்கு எத்தனை சதவீதம் வெயிட்டேஜ்? இஞ்சினியரிங்தான் எங்கள் குறி.
– ஒரு தந்தை, டல்லஸ்

கட்-ஆஃப் கணக்குப் போட்டே வளர்ந்த தலைமுறை நாம். சதவீதம் கேட்காமல் இருக்க முடியாதுதான். ஆனால் போட்டி அதிகமுள்ள தனியார் பல்கலைக்கழகங்களில் அப்படியொரு சூத்திரம் இல்லை. 'காமன் டேட்டா செட்' என்ற படிவத்தைப் பல கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. அதில் சி7 பகுதியைப் பாருங்கள். பள்ளி மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், தேர்வு மதிப்பெண் என ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மிக முக்கியம், முக்கியம், கருதப்படும், கருதப்படாது' என்ற நான்கில் ஒன்றில் டிக் இருக்கும். அவ்வளவுதான் வெளியே சொல்வார்கள்.

உள்ளே நடப்பது இது. கோப்பைத் திறந்ததும் நான் முதலில் படிப்பது மாணவரின் பள்ளி எப்படிப்பட்டது என்று சொல்லும் ஸ்கூல் ப்ரொஃபைல். அடுத்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள பட்டியல். எஸ்.ஏ.டி. திரையின் ஒரு மூலையில் ஒற்றை வரியாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு 'பாடச் சுமை தாங்குவார்' என்று குறிப்பு எழுதுவேன். 1480-க்கும் அதே குறிப்பு, 1520-க்கும் அதே குறிப்பு. ஒரே மாணவர் இன்னொரு நாள் எழுதினால் ஒவ்வொரு பிரிவிலும் 30, 40 புள்ளி ஏறி இறங்கலாம் என்று தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே சொல்கிறது.

ஆனால் உங்கள் 1480 எப்படிப் பிரிகிறது என்று எழுதவில்லையே! ஆங்கிலம் 790, கணக்கு 690 என்றால் தாராளமாக மறுபடி எழுதட்டும். இஞ்சினியரிங் கோப்பில் 690-ஐப் பார்த்தால் என் கண் அங்கேயே நின்றுவிடும். பிரிவுக்குப் பிரிவு சிறந்ததை எடுத்துக் கூட்டும் 'சூப்பர்ஸ்கோர்' பல கல்லூரிகளில் உண்டு, கணக்கை மட்டும் தூக்கினால் போதும். தலைகீழாக, கணக்கில் 790 என்றால் அந்தச் சனிக்கிழமை பையன் தூங்கட்டும்.

டெக்சாஸில் இருப்பதால் ஒன்று. 1997-இல் வந்த மாநிலச் சட்டப்படி, வகுப்பில் முன்னணி ரேங்க் இருந்தால் யு.டி. ஆஸ்டினில் (டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம்) நேரடியாக இடம் உண்டு. அது பல்கலைக்கழகத்தில் இடம்தான். கேட்ட துறை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 2024-இல் அவர்கள் தேர்வு மதிப்பெண்ணை மறுபடி கட்டாயமாக்கியபோது சொன்ன காரணங்களில் மாணவரைச் சரியான துறையில் சேர்ப்பதும் ஒன்று.

மகள் யு.சி. (கலிபோர்னியா பல்கலைக்கழக) கல்லூரிகளுக்கு மட்டும்தான் விண்ணப்பிக்கிறாள். கையில் 1560 இருக்கிறதே, எங்காவது நுழைக்க முடியாதா?
– ஒரு தாய், கலிபோர்னியா

முடியாது. 2021-இல் ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்துக்குப் பிறகு, யு.சி. அந்த மதிப்பெண்ணைச் சேர்க்கைக்கோ உதவித்தொகைக்கோ பார்ப்பதில்லை. சேர்ந்தபின் எந்த நிலை வகுப்பில் உட்கார வைப்பது என்பதற்கு வேண்டுமானால் உதவலாம். கட்டுரையில் 'கடினமான தேசியத் தேர்வில் சாதித்தேன்' என்று சாடை காட்டச் சொல்லாதீர்கள்; வாசிப்பவருக்குப் புரியும், சிரிப்பும் வரும்.

அக்கா, என் ஸ்கோர் 1410. எங்கள் ஹைஸ்கூல் சராசரி 1000-ஐத் தாண்டாது. நான் பார்த்துவைத்த கல்லூரியில் ஸ்கோரை அனுப்புவது ஆப்ஷனல், ஆனால் நடுப்பாதி மாணவர்களின் ஸ்கோர் 1470–1550. மறைத்துவிடவா?
– 12-ஆம் வகுப்பு மாணவன், ஓஹையோ

அனுப்பு தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

இப்படியொரு பள்ளியிலிருந்து ஒரு கோப்பு என்னிடம் வந்தது. வகுப்பில் இரண்டாம் ரேங்க். பள்ளியில் கால்குலஸே கிடையாது. ஸ்கோர் கட்டம் காலி. சேர்க்கைக் கமிட்டியில் ஒருவர், "கணக்கு தாங்குவானா?" என்று கேட்டார். காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போனான், அங்கேயே நின்றான். மே மாதம் அவனுடைய பள்ளி ஆலோசகரான கவுன்சிலர் போனில் பேச்சுவாக்கில் சொன்னார்: கையில் 1390 வைத்திருந்தானாம், குறைவு என்று மறைத்துவிட்டானாம். யார் சொல்லி மறைத்தானோ, இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம்.

டார்ட்மவுத் கல்லூரி 2024 பிப்ரவரியில் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியதற்கு இதுதான் முக்கியக் காரணம்: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்தவர்கள், தங்களுக்குக் கைகொடுத்திருக்கக் கூடிய ஸ்கோர்களை அனுப்பாமல் விட்டதை அவர்களே ஆராய்ந்து கண்டார்கள். எம்.ஐ.டி. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2022-இல், கட்டாயத் தேர்வுக்குத் திரும்பிவிட்டது.

இதே 1410, பாதி வகுப்பு 1500 எடுக்கும் பள்ளியிலிருந்து வந்தால் நானே மறைக்கச் சொல்வேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உன் ஸ்கூல் ப்ரொஃபைலில் எஸ்.ஏ.டி. சராசரி அச்சாகியிருக்கிறதா என்று கவுன்சிலரிடம் கேள். இல்லையென்றால் அவர் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல். அக்டோபர் தொடக்கத்திலேயே கேட்டுவிடு; முன்கூட்டியே விண்ணப்பிப்போருக்குப் பல கல்லூரிகள் வைக்கும் கடைசி நாளான நவம்பர் 1 நெருங்கிவிட்டால் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.