கெயின் போதும், ஆஃப்செட்டைப் பாருங்கள்

அன்புள்ள அண்ணா,

பேண்ட்கேப் ரெஃபரன்ஸ் (வெப்பநிலை மாறினாலும் மாறாத மின்னழுத்தம் தரும் சர்க்யூட்) பற்றி நீங்கள் எழுதிய தொடரை, காவடி முடிந்த வாரம் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை ஆய்வு செய்கிறேன், வீடு சாட்ஸ்வர்த்தில். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்ததிலிருந்து எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் வைக்காத வீடு குறைவு. அந்த பேட்டரிகளின் ஒவ்வொரு செல்லையும் அளக்கும் சிப்புக்கு ரெஃபரன்ஸ் வடிவமைப்பதுதான் என் வேலை. 180 நானோமீட்டர் சிமாஸ் தொழில்நுட்பம், 1.8 வோல்ட் சப்ளை, இரண்டு பைபோலார் டிரான்சிஸ்டர்களின் பரப்பு விகிதம் 1:8. ஆப்-ஆம்ப் (இரண்டு இன்புட்டின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) என்மாஸ் இன்புட் கொண்ட ஃபோல்டட் கேஸ்கோட் வகை; கெயின், அதாவது பெருக்கும் அளவு, 92 டெசிபல், பேண்ட்விட்த் 40 மெகாஹெர்ட்ஸ். சாதாரண சிமுலேஷனில் 1.21 வோல்ட், டிகிரிக்கு 11 பிபிஎம் (பத்து லட்சத்தில் 11 பங்கு) மாற்றம். ஆனால் மான்டி கார்லோ (தயாரிப்பில் வரும் சிறு வேறுபாடுகளைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை ஓட்டும் சிமுலேஷன்) ஓட்டினால் மேலும் கீழும் 40 மில்லிவோல்ட் சிதறுகிறது. கெயினை இன்னும் ஏற்றினால் சரியாகுமா?

ஒரு ஆய்வு மாணவி, டர்பன்

அன்புள்ள தங்கைக்கு,

கெயினை ஏற்ற வேண்டாம். 92 டெசிபலே உங்களுக்கு அதிகம்.

உங்கள் 40 மில்லிவோல்ட் எங்கிருந்து வருகிறது என்று தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். அறை வெப்பநிலையில் வெப்ப மின்னழுத்தம் சுமார் 26 மில்லிவோல்ட். உங்கள் விகிதமான 8-இன் இயல் மடக்கை 2.08. பெருக்கினால், இரண்டு பைபோலார்களின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 54 மில்லிவோல்ட். அது டிகிரிக்கு 0.18 மில்லிவோல்ட் ஏறுகிறது. பேஸ்-எமிட்டர் மின்னழுத்தமோ டிகிரிக்குச் சுமார் 1.8 மில்லிவோல்ட் இறங்குகிறது. ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரியாக வேண்டுமானால் அந்த 54-ஐப் பத்து மடங்காக்க வேண்டும். உங்கள் ரெசிஸ்டர் விகிதம் செய்வது அதைத்தான். ஆப்-ஆம்ப்பின் ஆஃப்செட் (அதன் இரண்டு இன்புட்டுக்கும் இடையே தங்கிவிடும் சிறு மின்னழுத்தப் பிழை) அந்த 54 மில்லிவோல்ட்டோடு நேராகப் போய்ச் சேர்கிறது. அதே பத்து மடங்கு அதற்கும் கிடைக்கிறது. 4 மில்லிவோல்ட் ஆஃப்செட், வெளியே 40 மில்லிவோல்ட். கிளைகளுக்குச் சமமான கரன்ட் தரும் கரன்ட் மிரரின் பங்கும் கொஞ்சம் இருக்கும். ஆப்-ஆம்ப்புக்கு மட்டும் மிஸ்மேட்ச்சை (ஜோடி டிரான்சிஸ்டர்களின் பொருத்தமின்மையை) அணைத்துவிட்டு மான்டி கார்லோவை மறுபடி ஓட்டுங்கள், யார் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கெயின் கணக்கையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெப்பநிலை முழு வீச்சுக்கும் மாறும்போது ஆப்-ஆம்ப்பின் அவுட்புட் 0.2 வோல்ட் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 70 டெசிபல் கெயினுக்கு அது இன்புட்டில் 0.06 மில்லிவோல்ட், ரெஃபரன்ஸில் 0.6. 92 டெசிபலுக்கு இன்னும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 40 மில்லிவோல்ட் சிதறும் இடத்தில் இந்த மிச்சத்தால் ஒரு பயனும் இல்லை.

நீங்கள் அளக்கப்போவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் என்றால் இது விளையாட்டல்ல. 1.21-இல் 40 மில்லிவோல்ட் என்பது 3.3 சதவீதம், 3.3 வோல்ட் செல்லை 0.11 வோல்ட் தப்பாகக் காட்டும். அந்த வகை செல், சார்ஜின் பெரும்பகுதி முழுக்க ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்குள்ளேயே நிற்கும். பாதி இருக்கிறதா, தீரப்போகிறதா என்றே உங்கள் சிப்பால் சொல்ல முடியாது.

இனி ஆஃப்செட்டைக் குறைக்கும் வழி. பெல்க்ரோம் குழுவினர் 1989-இல் காட்டியபடி, டிரான்சிஸ்டரின் பரப்பு நான்கு மடங்கானால் பொருத்தமின்மை பாதியாகும். 4 மில்லிவோல்ட்டை 1 ஆக்க 16 மடங்கு பரப்பு. தயங்காமல் கொடுங்கள். கெபாசிட்டன்ஸ் ஏறும், பேண்ட்விட்த் விழும், விழட்டும். டிசி ரெஃபரன்ஸுக்கு 40 மெகாஹெர்ட்ஸ் எதற்கு? இன்புட் ஜோடியை அகலமாகவும், லோட் டிரான்சிஸ்டர்களை நீளமாகவும் போடுங்கள். லோடின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் (கேட் மின்னழுத்தம் மாறினால் கரன்ட் எவ்வளவு மாறும் என்ற அளவு) குறையக் குறைய அதன் பிழை இன்புட்டில் சிறிதாகத் தெரியும்.

பைபோலார் விகிதத்தையும் 1:24 ஆக்கிப் பாருங்கள். பெருக்கும் எண் பத்திலிருந்து ஆறரைக்கு இறங்கும். நடுவில் ஒன்று, சுற்றி 24 என்று ஐந்துக்கு ஐந்து சதுரமாக லேயவுட்டும் அழகாக அமையும். இவ்வளவுக்குப் பிறகும் போதாவிட்டால் மட்டும் சாப்பிங் (ஆஃப்செட்டின் திசையை மாறி மாறித் திருப்பிச் சராசரியில் அழிக்கும் முறை) பக்கம் போங்கள்.

1974-இல் பொறியாளர் பால் புரோகா தன் பேண்ட்கேப் சர்க்யூட்டில் செய்தது போல கலெக்டர் பக்கத்திலிருந்து கரன்ட்டை எடுத்தால் ஆஃப்செட்டின் வலி குறையும். ஆனால் சாதாரண சிமாஸில் கிடைக்கும் பிஎன்பி பைபோலாரின் கலெக்டர், சிப்பின் அடித்தளமான சப்ஸ்ட்ரேட்டிலேயே புதைந்திருக்கிறது, அதைத் தொட வழியில்லை. எமிட்டர் பக்கம்தான் நமக்கு விதித்தது.

அடுத்தது இன்புட் ஜோடி. டர்பன் கோடையில், மூடிய கராஜில், இன்வெர்ட்டர் பெட்டிக்குள் உட்காரும் சிப் இது. 100 டிகிரியில் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 0.5 வோல்ட்டை ஒட்டி வந்துவிடும். அதற்குள் என்மாஸின் கேட்-சோர்ஸ் மின்னழுத்தமும் அடியில் ஜோடிக்குக் கரன்ட் தரும் டெயில் டிரான்சிஸ்டரும் அடங்க வேண்டும். ஸ்லோ கார்னரில் (தயாரிப்பில் டிரான்சிஸ்டர்கள் மந்தமாக அமைந்துவிடும் எல்லை நிலையில்) அடங்காது. பிமாஸ் இன்புட்டுக்கு மாறுங்கள். அதற்குக் கடினமான இடம் குளிர்: மைனஸ் 40-இல் பேஸ்-எமிட்டர் 0.78, அதன் மேல் கேட்-சோர்ஸுக்கு 0.55, டெயிலுக்கு 0.1, மொத்தம் 1.43. சப்ளை பத்து சதவீதம் குறைந்து 1.62 ஆனாலும் இடம் இருக்கிறது. ஃப்ளிக்கர் இரைச்சலும் பிமாஸில் பொதுவாகக் குறைவு.

சப்ளை இரைச்சலில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அவுட்புட் அசையாமல் நிற்பதே நல்ல ஆப்-ஆம்ப் என்று படித்திருப்போம். இங்கே அந்த அவுட்புட் பிமாஸ் கரன்ட் மிரரின் கேட்டைப் பிடித்திருக்கிறது. சோர்ஸ் இருப்பது சப்ளையில். சப்ளை 10 மில்லிவோல்ட் ஏறினால் கேட்டும் அதே 10 ஏற வேண்டும், அப்போதுதான் கரன்ட் மாறாது. ஆகவே காம்பென்சேஷன் கெபாசிட்டரை (சர்க்யூட் ஊசலாடாமல் காக்கும் கெபாசிட்டரை) கிரவுண்டுக்குப் போடாமல் சப்ளைக்குப் போடுங்கள். இன்வெர்ட்டரின் ஸ்விட்சிங் இரைச்சலுக்கு நடுவில் இந்த ஒரு கெபாசிட்டர் எந்தப் பக்கம் போகிறது என்பது பெரிய வித்தியாசம்.

கடைசியாக ஸ்டார்ட்-அப். இந்தச் சர்க்யூட்டுக்கு எல்லாக் கரன்ட்டும் பூஜ்ஜியமாக நிற்கும் இன்னொரு நிலையும் உண்டு. அந்த நிலையில் இரண்டு கிளைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். ஆஃப்செட் தவறான திசையில் இருந்தால் ஆப்-ஆம்ப் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இன்புட்டில் 5 மில்லிவோல்ட்டை ஒரு முறை பிளஸாகவும் ஒரு முறை மைனஸாகவும் சேர்த்து எல்லாக் கார்னரிலும் சோதியுங்கள். சப்ளை ஏறும் நேரத்தை மைக்ரோசெகண்டிலிருந்து ஒரு செகண்ட் வரை மாற்றுங்கள். அதோடு, 1.8 வோல்ட் முழுதாக இறங்காமல் 0.4 வரை போய்த் திரும்பி ஏறும் நிலையையும் கட்டாயம் ஓட்டுங்கள். கரன்ட் போய் உடனே வரும்போது ஸ்டார்ட்-அப் கெபாசிட்டரில் பழைய சார்ஜ் மிச்சமிருக்கும், சர்க்யூட் எழாமலே கிடக்கும். சாட்ஸ்வர்த்தில் உங்கள் சிப் அடிக்கடி சந்திக்கப்போவது இதைத்தான்.

மாற்றிய பிறகு மான்டி கார்லோ படத்தை அனுப்புங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்