சோடியம் நைட்ரேட்டில் குளோரைடு எங்கிருந்து வந்தது?

கேள்வி: சார், பிராக்டிகலில் எனக்கு வந்த உப்பு சோடியம் நைட்ரேட். ஆனால் சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளையாக வந்ததால் குளோரைடு என்று எழுதிவிட்டேன். அப்புறம் உப்பே போடாமல் குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தாலும் அதே வெள்ளை. ஏன்?
(பிளஸ் டூ மாணவர், மேலூர்)

பதில்: தம்பி, குளோரைடு உங்கள் தண்ணீரில் இருக்கிறது. பள்ளிக் குழாயில் வருவது போர்த் தண்ணீராகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் கரிக்காத தண்ணீரில்கூட குளோரைடு உண்டு, குடிநீருக்கான இந்தியத் தர அளவே லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்றுக்கொள்கிறது. சில்வர் குளோரைடோ ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 மில்லிகிராம்தான் கரையும். அப்புறம் எப்படித் தெளிவாக இருக்கும்? வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் சேர்ந்து வீழ்படிவாகிவிடும், நைட்ரேட் எதோடும் சேராமல் கரைசலிலேயே கிடக்கும். நைட்ரேட் உப்புகள் பொதுவாகத் தண்ணீரில் நன்றாகக் கரைபவை, வெள்ளியையும் ஈயத்தையும் லேபில் நைட்ரேட்டாக வைத்திருப்பதே அதற்காகத்தான்.

அதனால் டிஸ்டில்டு வாட்டரில் மட்டும் கரையுங்கள், சோதனைக் குழாயைக் கடைசியாக அலசுவதும் அதில்தான். ஆர்ஓ கேன் தண்ணீர் வேண்டாம், அதிலும் குளோரைடு மிச்சம் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான் கிடைத்தது என்றால் முதலில் அதில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள், தெளிவாக நின்றால் சரி. இந்த வெற்றுச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யச் சொல்வேன், மார்க்குக்காக இல்லை, கண்ணால் பார்த்ததை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள.

இன்னொன்று, கார்பனேட்டும் சில்வர் நைட்ரேட்டில் வெள்ளையாக விழும். அதைப் போக்க முதலில் அமிலம் விடுகிறோம், அது நீர்த்த நைட்ரிக் அமிலமாகத்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் பாட்டிலை எடுத்தால் குளோரைடை நீங்களே ஊற்றியதாகிவிடும்!

உப்பிலேயே குளோரைடு இருந்தால் வெறும் கலங்கலோடு நிற்காது. குலுக்கினால் தயிர் போலக் கட்டிகட்டியாகத் திரண்டு அடியில் இறங்கும், அம்மோனியா கரைசல் விட்டால் முழுக்கக் கரைந்து குழாய் தெளிந்துவிடும். புரோமைடு என்றால் வெளிர் மஞ்சள், அரைகுறையாகக் கரையும். அயோடைடு நல்ல மஞ்சள், கரையாது.

அம்மோனியா விட்ட குழாயை மட்டும் ஸ்டாண்டில் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், நாள்பட்டால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகலாம். ஆசிரியரிடம் சொல்லி அன்றைக்கே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, வெள்ளை திரும்பி வந்ததும் வெள்ளிக் கழிவுக்கான பாட்டிலில் ஊற்றிவிடுங்கள்.