பதில்: ஞாயிறு ராத்திரி ஆறு பேருக்குச் சாப்பாடு, சமையல் தெரியாது

தங்கச்சி, மாமியார் வீட்டிலிருந்து ஆறு பேர் வர்றாங்க, பிரியாணி பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. வேணாம். முதல் தடவையே தம் போட்டு மாட்டிக்காதீங்க. இட்லியும் மீன் குழம்பும் போதும். மாவு கடையில வாங்கிக்குங்க, யாரும் கேக்கப் போறதில்ல. தோசைன்னா கடைசி ஆள் சாப்பிடுற வரைக்கும் அடுப்படியிலயே நிக்கணும்.

தண்டையார்பேட்டைன்னு போட்டிருக்கீங்க, காசிமேடு மீன் மார்க்கெட் பக்கம்தானே. காலையிலயே போய் ஒன்றரை கிலோ சங்கரா மீன் எடுங்க. செவுளைத் திறந்து பாருங்க, நல்ல சிவப்பா இருக்கணும். வெட்டிக் கழுவித் தரவும் அங்கேயே ஆள் உண்டு. (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, விலை எகிறும்.)

குழம்பை மதியத்துக்கு மேல வெச்சுடுங்க. நல்லெண்ணெயில வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள், உப்பு போட்டு, பெரிய எலுமிச்சை அளவு புளியைக் கரைச்சு ஊத்துங்க. பச்சை வாசனை போய் எண்ணெய் மேல மிதந்த பிறகுதான் மீன். சிறு தீயில 7, 8 நிமிஷம். அதுக்கப்புறம் கரண்டியே போடாதீங்க, உடைஞ்சிடும். சட்டியைத் துணியால பிடிச்சு லேசா ஒரு சுத்து சுத்துங்க. ராத்திரிக்குள்ள மீன்ல புளியும் காரமும் ஏறிடும்.

மீன் தொடாதவங்க யாராச்சும் இருக்காங்களான்னு வீட்டுக்காரர்கிட்ட இப்பவே கேட்டுக்குங்க. இருந்தா ஒரு தக்காளி சட்னி அரைச்சுடுங்க.