வெட்சி வளர்ப்பு: கேள்வி-பதில்

தெச்சி, வெட்சி, இட்லிப்பூ மூன்றும் ஒன்றா? (களியக்காவிளை)

ஒன்றுதான். வாங்கும்போது மட்டும் கவனம். ‘மினி’ என்று தருவது குட்டை ரகம். நாட்டு வெட்சியின் இலைக்குக் காம்பு இருப்பதே தெரியாது. இதழ் நுனி கூராக இருக்கும்.

கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா வைத்தும் தேறவில்லை. மதிலோரம் நட்டிருக்கிறேன். (கொழிஞ்சாம்பாறை)

யூரியாவை நிறுத்துங்கள். அது தருவது தழைச்சத்து. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். உங்களுடையது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. வெட்சி புளிப்பான (அமிலத்தன்மை உள்ள) செம்மண்ணுக்குப் பழகிய செடி. உங்கள் பக்கத்துக் கரிசலிலோ சுண்ணாம்பு இயல்பாகவே உண்டு. அது போதாதென்று மதிலோரம் வேறு! வீடு கட்டி மிஞ்சிய சிமெண்ட் கலவையையும் பூச்சுச் சிதறலையும் மதிலடியில் புதைத்து, மேலே ஒரு கூடை செம்மண் போட்டு வெட்சி நடுகிறார்கள். எத்தனை முறை எழுதுவது? வெட்சிக்கும் மதிலுக்கும் இரண்டடியாவது இடைவெளி வேண்டும். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது.

இப்போதைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம் கரைத்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று தடவை. பச்சை வரும், தெளிப்பதை விட்டால் மஞ்சளும் திரும்பும். நிரந்தர வழி, ஒன்றரை அடி உயர மேட்டுப்பாத்தி: செம்மண் இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு. சாம்பலும் முட்டை ஓடும் வேண்டவே வேண்டாம்.

மாதாமாதம் வேலியைக் கத்தரிக்கிறோம். பூவே இல்லை. (செங்கோட்டை)

பூ வருவது கிளை நுனியில். நீங்கள் வெட்டி எறிவது பூமொட்டுகளை. ஆண்டுக்கு ஒருமுறை, பூ ஓய்ந்ததும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டுங்கள்.

செடி வாடுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்? (ஊர் எழுதவில்லை)

மண் எது, வெயில் எவ்வளவு, எப்போது நட்டீர்கள், தண்ணீர் தேங்குகிறதா? ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் சொல்ல மாட்டேன்.

குச்சி வேர் பிடிப்பதில்லை. (தென்காசி)

இளங்குச்சி அழுகும், முற்றிய குச்சி அசையாது. அரைமுற்றலாக, பென்சில் கனத்தில், அரையடி நீளத்தில் எடுங்கள். சாரல் தொடங்கும்போது ஆற்றுமணலும் தென்னைநார்க்கழிவும் சமமாகக் கலந்து நிழலில் ஊன்றுங்கள். இரண்டு மாதம் ஆகலாம். நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பிறகு நடும்போதும் மதிலை விட்டு இரண்டடி தள்ளியே.

இலையில் கரிப்படலம், எறும்பு. (பாலக்காடு)

இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கும். லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள்.