வஞ்சிரத்தைக் குட்டையில் வளர்க்க முடியுமா?

கேள்வி: வேதாரண்யத்தை அடுத்த எங்கள் ஊரில் இரண்டு ஏக்கர் இறால் குட்டை ஒன்று, வெண்புள்ளி நோய் தாக்கிய பிறகு மூன்று ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. அதில் வஞ்சிரம், வவ்வால், கொடுவா போன்ற கடல் மீன்களை வளர்க்கலாமா? வஞ்சிரக் குஞ்சு வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: அந்த முன்பணத்தைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். வஞ்சிரக் குஞ்சைப் பொரித்து விற்கும் வணிகப் பொரிப்பகம் நம் நாட்டில் இல்லை. வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் அமிழ்ந்துவிடும் என்பதால் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த மீனுக்கு நான்கு கரைக்குள் அடங்கிய நீர் ஒத்துவராது. மேலும், மற்ற கடல் மீன்களின் இளங்குஞ்சுகளுக்கு ரோட்டிஃபர், ஆர்டீமியா போன்ற மிக நுண்ணிய நீர்வாழ் உயிரினங்களை ஊட்டி வளர்ப்பதைப் போல இதனை வளர்க்க இயலாது. இரை எடுக்கத் தொடங்கும்போதே பிற மீன்களின் குஞ்சுகளைத் தேடித் தின்னும் இனம் இது. ஆகவே வஞ்சிரம் இன்றைக்கும் வலையிலும் தூண்டிலிலும் கிடைக்கும் மீன்தான்.

வெள்ளை வவ்வாலைக் குவைத்திலும் சீனாவிலும் ஆய்வாளர்கள் செயற்கை முறையில் பொரிக்க வைத்திருக்கிறார்கள் என்றாலும், நம் விவசாயி வாங்கக்கூடிய குஞ்சு இங்கே இல்லை. சந்தையில் 'ஏரி வவ்வால்' என்று விற்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்த நன்னீர் மீன். பெயரை நம்பி அதனைத் தங்கள் உப்புநீர்க் குட்டையில் விட வேண்டாம்.

கொடுவாவின் கதை வேறு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதனைச் சிறைச்சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. சீர்காழிக்குக் கிழக்கே, திருமுல்லைவாசல் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவாப் பொரிப்பகமும் தங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. கடலில் முட்டையிட்டு, கழிமுகத்திலும் ஆற்றிலும் வளர்வது இம்மீனின் இயல்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் குட்டைகளின் உப்பு இறங்கி ஏறக்குறைய நன்னீராகிவிடும்போது கடல் விரால் (கோபியா) போன்ற மீன்கள் தளர்ந்துவிடும், கொடுவா தாங்கும். ராமேசுவரத்தை அடுத்த மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் 2010-இல் கடல் விராலையும் அடுத்த ஆண்டு பாம்பனோ என்ற கடல் மீனையும் குஞ்சு பொரிக்க வைத்தார்கள் என்பது பெரிய சாதனைதான். ஆயினும் கடலில் கூண்டு கட்டி வளர்ப்போருக்கே அந்தக் குஞ்சுகளால் மிகுந்த பயன்.

கொடுவாவில் முதலீடு கரைவது பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில்தான், காரணம் அது தன் இனத்தையே தின்பது. குஞ்சுகளை வளர்க்கும் நாற்றங்கால் வலைத்தொட்டி ஒன்றைக் காலையில் தூக்கிப் பார்த்தபோது, இரண்டு அங்குலக் குஞ்சின் வாய்க்கு வெளியே இன்னொரு குஞ்சின் வால் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இரண்டும் செத்திருந்தன. தன் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உள்ள குஞ்சைக்கூட அது வாய்க்குள் இழுத்துவிடும். எனவே ஒன்றரை செண்டிமீட்டர் குஞ்சை நேரே குட்டையில் கொட்டிவிடாமல், வலைத்தொட்டியில் விட்டு, நான்கைந்து நாளுக்கொருமுறை பெரியது, நடுத்தரம், சிறியது எனத் தரம் பிரித்து, விரலளவு வளர்ந்த பின்னரே விட வேண்டும். கூலியை மிச்சப்படுத்த நினைத்து இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் வியப்பதற்கில்லை.

தீவனமாகச் சங்காயம், அதாவது வலையில் சிக்கும் விலைபோகாத சிறு மீன்கள், மலிவாகத் தோன்றும். ஆனால் ஒரு கிலோ கொடுவாவுக்கு ஐந்தாறு கிலோ சங்காயம் செலவாவதோடு, மிஞ்சியது அழுகி நீரையும் கெடுக்கும். குஞ்சுப் பருவத்திலேயே மிதவைத் தீவனத்துக்குப் பழக்கிவிடுவதே நல்லது. அவ்வளவு முதல் போட இயலாதவர்களுக்குப் பால்கெண்டை ஏற்றது. பாசியைத் தின்று வளரும், விலைதான் குறைவு.

இறாலுக்குப் பெற்ற பதிவு மீனுக்கும் செல்லுமா என்பதைக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் மாவட்டக் குழுவிடம் முதலில் கேட்டறியுங்கள். பக்கத்து நெல்வயலுக்குள் குட்டையை நீட்டுவது மட்டும் வேண்டாம். கசியும் உப்பு அடுத்தவர் சாகுபடியைக் கெடுத்ததை இப்பகுதி 1990-களிலேயே பட்டறிந்திருக்கிறது.

கோடையில் குட்டையின் அடிமண் வெடிக்கும்வரை காயவிட்டு, ஜூலையில் குஞ்சு வாங்கி நாற்றங்காலில் வளர்த்து, செப்டம்பரில் குட்டைக்கு மாற்றினால், ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் மீன் விற்பனை எடைக்கு வந்துவிடும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாள்களில் உயிருள்ள கொடுவாவுக்கு நாகப்பட்டினத்திலேயே நல்ல விலை கிடைக்கும்.