வெறும் வயிறு, வெறுங்கால், 11 சுற்று: சர்க்கரை உள்ள அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். "விடியற்காலை வெறும் வயிற்றோடு போய், வெறுங்காலில் 11 சுற்று சுற்றி, செப்புப் பாத்திரத் தீர்த்தம் குடித்தால் ஒரு மண்டலத்தில் சர்க்கரை இறங்கிவிடும். கருவறைக்கு அடியில் உள்ள செப்புத் தகட்டின் காந்த சக்தி கால் வழியே ஏறும்" என்று உறவினர் ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை தொடங்கப் போகிறாராம். விடலாமா?

பதில்: தாராளமாக விடுங்கள். 11 சுற்றும் இருக்கட்டும். மாற்ற வேண்டியது வெறும் வயிற்றையும் வெறுங்காலையும்தான்.

முதலில் வயிறு. கிளிமெபிரைடு, சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது; கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் முக்கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சு குழறும். கோயில் கூட்டத்தில் இதை விரதக் களைப்பு என்பார்கள். அருள் வந்துவிட்டது என்று கும்பிட்டு ஒதுங்குகிறவர்களும் உண்டு. அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது சர்க்கரைப் பொங்கல்தான். ஆனால் அதிலுள்ள நெய், சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். முந்தானையில் ஒரு சிறு பொட்டலம் குளுக்கோஸ் பவுடர் முடிந்து அனுப்புங்கள். மூன்று டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு பொங்கலோ இட்லியோ சாப்பிடலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

இந்தச் சிக்கல் வராமலே இருக்க, ஏழரைக்கு இட்லியும் மாத்திரையும், எட்டேகாலுக்குக் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பின் நடக்கும்போது தசைகள் அப்போதுதான் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அம்மா எதிர்பார்க்கும் பலன் இந்த நேரத்தில்தான் கூடுதலாகக் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டுச் சாமி கும்பிட மனம் ஒப்பவில்லை என்றால், மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சுற்று விஷயம். பிரகாரம் 70 மீட்டருக்கு 50 மீட்டர் என்றால் ஒரு சுற்று 240 மீட்டர். 11 சுற்று 2,640 மீட்டர். முப்பத்தைந்து, நாற்பது நிமிட நடை. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற பொதுக் கணக்குக்கு இது தாராளம். வாக்கிங் போகச் சொன்னால் நான்காம் நாள் நின்றுவிடுகிறவர், நேர்ந்துகொண்டால் 48 நாளும் போவார். கோயிலின் மருத்துவ குணத்தில் பாதி இதுதான் என்பேன். ஆனால் ஒவ்வொரு சன்னதியிலும் நின்று நின்று போனால் அது நடைப்பயிற்சி ஆகாது. தரிசனத்தை முதலில் முடித்துவிட்டு, பிறகு நிற்காமல் சுற்றச் சொல்லுங்கள். ஸ்லோகத்தை முணுமுணுக்க முடிய வேண்டும். ராகம் போட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது.

காந்தம் பற்றி: பீடத்தில் திருமேனியைப் பிடித்து நிறுத்துவது அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருளை இடித்துச் சேர்த்த பசை அது. சிலை அசையாமலும் அபிஷேக நீர் கீழே இறங்காமலும் காப்பது அதன் வேலை. அடியில் யந்திரத் தகடு வைப்பதும் உண்டுதான். ஆனால் செம்பைக் காந்தம் இழுக்காது. வீட்டிலிருக்கும் செப்புப் பாத்திரத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

தீர்த்தம் ஓர் உத்தரணி 5 மில்லி இருக்கும். அதில் வரும் செம்பு உடம்புக்கு நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. செப்புப் பாத்திரம் கிருமியைக் கொல்லும் என்பது பொய்யல்ல. ஆனால் அதற்குத் தண்ணீர் இரவு முழுக்க அதில் இருக்க வேண்டும், ஊற்றிய கையோடு நடக்காது. ஈயம் பூசாத செம்பு, பித்தளையில் வைத்த தயிரோ எலுமிச்சைச் சாறோ கலந்த பிரசாதம் மட்டும் வேண்டாம். பச்சைக் களிம்பு வாந்தியில் கொண்டுவிடும்.

இனி கால். 12 வருடச் சர்க்கரையில் பாதம் மரத்திருப்பது சகஜம். வெள்ளிக்கிழமைக்குள் இதைச் செய்து பாருங்கள். அம்மாவைப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் கட்டை விரல், நடுவிரல், சுண்டு விரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒரு விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. டாக்டரிடம் காட்டும்வரை வெறுங்காலில் சுற்ற வேண்டாம். வெயிலேறிய கருங்கல்லில் நமக்குக் கால் பொத்துப்போகும், துள்ளி நிழலுக்கு ஓடுவோம். மரத்த காலுக்கு அந்தச் சூடு தெரியாது. தெரிவதற்குள் கல் தோலைச் சுட்டுவிடும்.

சோதனையில் தேறினாலும், கோடையில் ஒன்பதரைக்குள் முடித்து, நார் விரிப்பின் மேல் நடப்பது நல்லது. பருத்திக் காலுறை போடலாமா என்று கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை நிறமாக இருக்கட்டும், ரத்தம் கசிந்தால் உடனே தெரியும். விளக்கேற்றும் இடத்திலும் அபிஷேக நீர் ஓடும் இடத்திலும் காலுறை வழுக்கும், கவனம்.

ஒரு மண்டலம் முடிந்ததும் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பாருங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யை 90 நாள் கழித்து எடுத்தால்தான் நடையின் பலன் முழுதாகத் தெரியும்.

தினமும் வீடு திரும்பியதும் கால் கழுவி, விரலிடுக்கு உட்படத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கட்டும். கொப்புளம் இருந்தால் உடைக்க வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு, விபூதி எதுவும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் காட்டுங்கள். புண் ஆறும்வரை மிச்சச் சுற்றை அவர் உட்கார்ந்தபடி ஜபமாகச் செய்யலாம்.